மூன்று மணிக்குள் ஒரு கையெழுத்து

சோபிகாவுக்கு வேண்டியது ஒரேயொரு கையெழுத்து. அதுவும் இன்று பிற்பகல் மூன்று மணிக்குள்.

அம்மா படுக்கையில் விழுந்தபோது, பதினேழு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். இப்போது முப்பத்தொன்று. மோர்டென்ஸ்ருட் பகுதியில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை. பள்ளி முடிக்காதவர்களையும் அனுபவத்தைப் பார்த்துப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கிற வழி ஒன்று நோர்வேயில் உண்டு. அந்த வழியாகச் சட்டம் படிக்க விண்ணப்பித்திருந்தாள். பதில் வந்தது: நீங்கள் மற்றவர்களுக்கு மேன்முறையீடு எழுதிக் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள், அவர்களில் ஒருவராவது கையொப்பமிட்டு அதை உறுதிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

எழுதிக் கொடுத்தவள்தான்! பத்து வருடத்தில் பதினொரு வீட்டுக்கு. விசா, வாடகை, உதவித்தொகை, எதைத்தான் விட்டாள்? ஆனால் நம்மவர்களைத் தெரியாதா? எழுதுவிக்க வாசலில் வந்து தவம் கிடப்பார்கள்; எழுதுவித்தது மட்டும் ஒரு காக்காய்க் குஞ்சுக்கும் தெரியக்கூடாது. பத்து வீட்டிலும் ஒரே பாட்டு: "ஐயோ பிள்ளை, எங்கட பேர் வெளியாலை வரக்கூடாது." அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மிஞ்சியவர் ஹொல்ம்லியாவில் இருக்கிற பத்மநாதன். அவர் எல்லாரையும் விடப் பெரிய ஆள். மறுக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகையை அவருக்கு நாலு பக்கம் எழுதி வென்று கொடுத்தவள் சோபிகா. மனிதரோ, "பெரிய நோர்வே அட்வகாட் ஒருத்தரைப் பிடிச்சு வெண்டனான்" என்று கோயில் மண்டபம் முழுக்கக் கதையளந்துவிட்டார். மனைவி கிருஷ்ணகுமாரிக்கும் அதே கதைதான். நோய் வெறும் முதுகு நோவு என்றும் அவளுக்குச் சொல்லியிருந்தார். முதுகில் ஒரு கோளாறும் இல்லை. மனம் நொந்துபோய், வேலைக்குப் போவதாகச் சொல்லி வெளிக்கிட்டு, மூன்று மாதம் குடியிருப்பின் நிலவறைச் சாமான் அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவர் அவர். அதைச் சோபிகாவிடம் மட்டும் அழுதழுது சொன்னார்.

தனக்கு என்ன வேண்டும் என்று நேற்றே அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். பதில் இல்லை. காலையில் ஆறு தடவை அழைத்தாள். எடுக்கவில்லை. இரண்டேகாலுக்கு அவர் வீட்டு மணியை அடித்தாள்.

"வா பிள்ளை, என்ன இந்தப் பக்கம்?" கிருஷ்ணகுமாரி கதவைத் திறந்தாள்.

சோபாவில் இருந்த பத்மநாதனுக்கு அவளைக் கண்டதும் முகத்தில் ரத்தமே இல்லை. கிருஷ்ணகுமாரி தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரிலேயே இருந்துகொண்டாள். பிள்ளை கையில் காகிதத்தோடு வந்திருக்கிறாள், எழும்பிப் போவாளா?

"அது என்ன பேப்பர்?"

'மாமா சொன்ன அட்வகாட் நான்தான் மாமி' என்று ஒரு வார்த்தை போதும். கிருஷ்ணகுமாரியே பேனாவை எடுத்துப் புருஷன் கையில் திணித்திருப்பாள். ஆனால் அடுத்த கேள்வி, 'அப்ப நீ என்னத்தை எழுதினனி?' என்றுதான் வரும். பத்மநாதன் கண்ணாலேயே கெஞ்சினார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபத்தைந்து.

"ஒண்டுமில்லை மாமி, என்ரை வேலைப் பேப்பர். சும்மா எட்டிப் பாத்தனான்."

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினாள். பஸ் தரிப்பிடம் வரை தன்னைத்தானே திட்டிக்கொண்டே நடந்தாள். விசரி, விசரி! பதினாலு வருட ஆசையை ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாய்.

"சோபிகா! நில்லு!"

கிருஷ்ணகுமாரி. வீட்டுச் சட்டைக்கு மேல் கோட், காலில் வீட்டுச் செருப்பு, பனியில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தாள். கையில் பேனா.

"தா அந்தப் பேப்பரை. நான் வைக்கிறன் கையெழுத்து."

"என்ன கையெழுத்து மாமி?"

"நடிக்காதை. நேற்று உன்ரை மெசேஜ் வரேக்கை அவற்ரை ஃபோன் என்ரை கையிலை. அதுக்கு முதலே எல்லாம் தெரியும். நிலவறைக்குச் சாமான் எடுக்கப் போனனான். கதவுக்குக் கீழாலை வெளிச்சம், உள்ளுக்கை மனுசன் செருமுற சத்தம். தட்டேல்லை, திரும்பி வந்திட்டன். அடுத்த நாளிலையிருந்து சாப்பாட்டுப் பைக்குள்ளை தடிச்ச சொக்ஸ் வைச்சு விட்டனான்." மூச்சு வாங்கியது. "நான் அறிஞ்சது அவருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா மனுசன் உடைஞ்சு போயிடும்."

இரண்டு நாற்பத்தாறு. சோபிகாவின் கை தானாகவே பைக்குள் போனது. பிறகு நின்றது. பல்கலைக்கழகத்தார் சரிபார்க்கப் பத்மநாதனை அழைத்து, 'உங்கள் மனைவி கையொப்பமிட்டிருக்கிறாரே' என்று கேட்டால்?

"நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டே எனக்கு விளங்கேல்லை மாமி." "எனக்கு ஒரு கையெழுத்தும் வேண்டாம்."

"விசரே உனக்கு? உன்ரை படிப்பெல்லோடி!"

பஸ் வந்தது, போனது. இருவரும் ஏறவில்லை. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. அழக்கூடாது என்று சோபிகா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஐம்பத்தொன்றுக்குக் கைபேசி அதிர்ந்தது. பத்மநாதன் படம் ஒன்று அனுப்பியிருந்தார். கோயில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், கோணல் எழுத்தில், அவருக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில்: 'என் மேன்முறையீட்டை எழுதியவர் சோபிகா. வேறு அட்வகாட் யாரும் இல்லை.' கீழே கையெழுத்து, தொலைபேசி எண். படத்துக்குக் கீழே தமிழில் தனியாக ஒரு செய்தி: 'மாமிக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை.'

விறைத்த விரல்கள் இரண்டு தடவை தவறான இடத்தில் பட்டன. மூன்றாம் தடவை பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் படம் ஏறியது. ஐம்பத்தேழுக்கு 'கிடைத்தது' என்று பதில் வந்தது. சோபிகா அப்படியே தரிப்பிட வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கிவைத்த அழுகை இப்போதுதான் வந்தது.

"ஆர் அனுப்பினது?" கிருஷ்ணகுமாரி குனிந்து கேட்டாள். "எங்கட மனுசனோ?"

சோபிகா கைபேசியைக் கோட்டுக்குள் வைத்தாள்.

"வேலையிடத்திலையிருந்து மாமி."

கிருஷ்ணகுமாரி பேனாவை மூடிக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தாள்.

"நல்லது. நீ வாய் திறக்க மாட்டாய் எண்டுதான் அந்த மனுசன் உன்னட்டை வந்தது," என்றாள். "இப்ப நானும் வந்திட்டன்."