பின்பாரம்

நான்கு பேர் சேர்ந்து பீரோவை டிரெய்லரில் இறக்கியதும், பிக்கப்பின் பின்பக்கம் இன்னும் ஒரு சாண் கீழே போனது. முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இன்னும் ஏத்துங்கப்பா! என் வண்டி மலையையே இழுக்கும்!" என்று வாசலில் நின்று கத்தினார் சகலை.

கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான் தராசு. தராசு என்பது அவன் பெயரல்ல. டிரெய்லர் வாடகைக்கு விடும் கடை வைத்திருப்பவன் அவன். என்ன ஏற்றப் போகிறீர்கள், எவ்வளவு எடை இருக்கும், எந்த வண்டியில் இழுப்பீர்கள் என்று கேட்காமல் யாருக்கும் கொக்கியை மாட்டிவிட மாட்டான். அதைப் பார்த்துவிட்டு, அவன் மனைவியின் அக்காள் புருஷனான இந்தச் சகலை ஒரு நாள் விருந்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இவன் சோத்தக்கூட நிறுத்துப் பாத்துதான் திம்பான். சரியான தராசு!"

குடும்பமே சிரித்தது. சிரிப்பு அன்றோடு போயிருந்தால் பரவாயில்லை, பெயர் ஒட்டிக்கொண்டது. சகலையின் பிள்ளைகள் "தராசு சித்தப்பா" என்றன. மாமனார்கூட போனில் அப்படித்தான் விசாரித்தார். போன மாதம் அவன் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து விம்மிக்கொண்டே வந்தாள். பெரியப்பா பையன் சொல்லிக்கொடுத்து, வகுப்பே அவளை "தராசுப் பொண்ணு" என்கிறதாம். அன்று அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனான். எனக்கும் ஒரு காலம் வராமலா போகும் என்று மட்டும் மனதுக்குள் கறுவிக்கொண்டான்.

காலம் வந்தேவிட்டது. சகலைக்குக் குன்றுக்கு அந்தப் பக்கம் புது வீடு. அவர் மனைவி மக்கள் காலையிலேயே அங்கே போய்விட்டார்கள். சாமானை ஏற்றப் புது பிக்கப். அதன் பின்னால் கோத்து இழுத்துப்போகத் தராசின் டிரெய்லர். எவ்வளவு எடைதான் ஏற்றலாம் என்று டிரெய்லரின் முன்பலகையில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. சகலை அதைப் படித்துவிட்டு, "எழுதினவன் என் வண்டிய பாத்திருக்கானா?" என்று சிரித்தார். ஃப்ரிட்ஜ் ஏறியது, கட்டில்கள் ஏறின. புது வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வாங்கி வைத்திருந்த டைல்ஸ் பெட்டிகளும் ஏறின. பார்க்கச் சின்னப் பெட்டிகள்தான், ஒவ்வொன்றும் ஆளை முறிக்கும். பிக்கப்பின் முதுகிலும் மூட்டை மூட்டையாகப் புத்தகங்கள்.

"என்ன சார், வண்டி உக்காந்துருச்சு?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

சகலையின் முகம் சுருங்கிவிட்டது. ரோஷக்காரர். திரும்பி, "என்ன தராசு, வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற? இதுக்கு ஏதாவது வழி சொல்லேன்" என்றார்.

பாதியை இறக்கிவிட்டு இரண்டு தடவையாகப் போங்கள் என்பதுதான் வழி. அது தொண்டை வரை வந்தது. கூடவே மகளின் அழுத முகமும் வந்தது.

"டைல்ஸ் பெட்டி எல்லாத்தையும் டிரெய்லர் பின்கதவு ஓரமாத் தள்ளி வைங்க சகல. வண்டி நிமிர்ந்துரும்."

அவன் சொன்னது பொய்யில்லை. பின்னால் பாரம் கூடினால் டிரெய்லரின் முன்பக்கம் எழும்பும், வண்டியையும் சேர்த்துத் தூக்கும். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் வேகம் பிடித்ததும், அதுவும் இறக்கத்தில், டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். பதறிப்போய் பிரேக்கை மிதித்தால் ஆட்டம் இன்னும் கூடும். கடைசியில் வண்டியையே பிடித்து இழுத்துக் கவிழ்த்துவிடும். கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் வாய் வலிக்க அவன் சொல்லி அனுப்பும் பாடம் இது.

பெட்டிகள் பின்னால் போயின. பிக்கப் நிமிர்ந்தது. சகலை அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "மொத தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்க!"

அந்தத் தட்டல் அவனுக்கு இனித்தது. குன்றிறங்கும் வழியில் புது பிக்கப் பள்ளத்தில் கிடப்பதையும், சட்டை கிழிந்து சகலை ரோட்டோரம் உட்கார்ந்திருப்பதையும் நினைத்துப் பார்த்தான். என் டிரெய்லர் போனாலும் போகட்டும். உயிருக்கு ஏதாவது ஆனால் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. மெதுவாகத்தான் ஓட்டுவார் என்று அதன் வாயை அடைத்தான். சகலை மெதுவாக ஓட்டிய நாளே கிடையாது என்பது அவனுக்கா தெரியாது?

காலியான வீட்டைக் கூட்டி முடித்துத் துடைப்பத்தோடு வெளியே வந்தாள் அவன் மனைவி. கடையில் பாதி நாள் கொக்கி மாட்டுகிறவள் அவள்தான். டிரெய்லரை ஒரு பார்வை பார்த்தாள்.

"மாமா, பெட்டியெல்லாம் பின்னாடி வைக்கச் சொன்னது யாரு?"

"வேற யாரு, உன் வீட்டுக்காரன்தான். மூளைக்காரன்மா!"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு, நேராகப் போய் பிக்கப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நானும் உங்க கூடவே வர்றேன் மாமா. அக்காவுக்கு ஒத்தாசையா இருக்கும்." பிறகு கண்ணாடியை இறக்கி, கணவனிடம், "போயிட்டு வரட்டுமா?" என்றாள்.

தினமும் கேட்கிற கேள்விதான். சகலை வண்டியைக் கிளப்பினார். சக்கரம் உருண்டது. தராசு ஓடிப்போய் இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"நிறுத்துங்க! இந்தப் பாரத்தோட போனா வண்டி கவுந்துரும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

சகலை இறங்கி வந்தார். "என்னடா சொல்ற? என்னைக் கொல்லவா பாத்த?"

"ஆமா. என் பொண்ணு அழுதுக்கிட்டு வந்த அன்னையிலேருந்து, நீங்க எங்கயாவது கவுந்து கெடக்கணும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்."

சகலை கையை ஓங்கினார். அதற்குள் அவன் மனைவி இறங்கி வந்து நடுவில் நின்றாள்.

"கையை எறக்குங்க மாமா. அவர் சொன்னது பாதகம். ஆனா பலகையில எழுதியிருந்ததைப் படிச்சுட்டுச் சிரிச்சது நீங்க." கணவன் பக்கம் திரும்பினாள். "எதிர்ல ஒரு ஸ்கூல் பஸ் வந்திருந்தா? அதுல இருக்குற பிள்ளைங்க உங்களை என்ன பேரு வச்சுக் கூப்பிட்டுச்சு?"

டிரெய்லரின் முன்பலகையைக் கையால் தட்டினாள்.

"வண்டி எவ்வளவு தாங்கும்னு பலகையில எழுதி வச்சிருக்கு. மனுசன் எவ்வளவு தாங்குவான்னு எங்கயும் எழுதி வைக்கல. அதுக்காக ஒருத்தன் மேல ஏத்திக்கிட்டே போகவும் கூடாது, ஏத்தினவனை ரோட்டுல கவுக்கவும் கூடாது. அளவு மீறின பாரம் பகையாளியைத் தேடிப் போய் விழாது மாமா. பக்கத்துல வர்றவன் மேலதான் விழும்."

தராசு டிரெய்லரின் பின்கதவைத் திறந்து முதல் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தான். பெட்டிகளை இறக்கி, இரண்டாவது நடைக்கென்று சுவரோரம் அடுக்கிக்கொண்டே போனான். சகலை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டிரெய்லரில் ஏறி, பின்னால் கிடந்த மரப்பெட்டி ஒன்றைத் தூக்கினார்.

பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் கேட்டார்.

"சகல, இதை எங்க வைக்கணும்?"