டப்பின் கல்லீரல்

பிளாஸ்டிக் டப்புக்குக் கல்லீரல் கிடையாது என்று நன்றாகப் படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மேற்கொண்டு எதுவும் சொல்வதற்கு முன் இந்தப் பிழையைத் திருத்த வேண்டியிருக்கிறது. டப்புக்குக் கல்லீரல் உண்டு. நான் பார்த்த டப்புக்கு அது சற்று வீங்கியும் இருந்தது. கோவில்பட்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தவன் நான். அளந்து பார்க்காமல் எதையும் சொல்லிப் பழக்கமில்லை.

அந்த டப் நீல நிறம். இரண்டு பாதங்களைத் தாராளமாக வைக்கும் அகலம். எங்கள் தெருக்கோடியில் இருந்த நிர்மலம் நலவாழ்வு இல்லத்தில் அது வேலை பார்த்தது. அதில் வெந்நீர் ஊற்றி, ஒரு கைப்பிடி உப்புப் போட்டு, இரண்டு தகடுகள் கொண்ட ஒரு கருவியை இறக்கி, கரண்ட் கொடுப்பார்கள். வந்தவர் கால்களை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் தண்ணீர் நிறம் மாறும். உடம்பின் நச்சு உள்ளங்கால் வழியாக இறங்குகிறது என்பது அந்த இல்லத்தின் விதி. எந்த நிறம் எந்த உறுப்பிலிருந்து வருகிறது என்று சுவரில் ஓர் அட்டவணை மாட்டியிருந்தது. ஆரஞ்சு, மூட்டு. பச்சை, பித்தப்பை. பழுப்பு, கல்லீரல். அட்டவணையில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். இரண்டு முறை பார்த்தேன்.

என் தங்கை செண்பகம் வாரத்தில் மூன்று நாள் அங்கே போய்வந்தாள். ஐம்பத்து நான்கு வயது. கணவர் இறந்த பிறகு என் வீட்டு முன்னறையில் மிதி மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரைக்குப் பதினோரு வருடமாக இன்சுலின் போட்டவள். வலது கால் பெருவிரலில் மிளகு அளவு ஒரு புண் வந்தது. இல்லத்தை நடத்திய ஹீலர் தவசீலன் அதைப் பார்த்துவிட்டு, இன்சுலினும் ஒரு நச்சுதான், அதை நிறுத்தினால்தான் மற்ற நச்சுகள் வெளியே வர வழி கிடைக்கும் என்றார். சாந்தமான மனிதர். யாரிடமும் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. செண்பகம் அன்றே ஊசியை நிறுத்தினாள். பிரிக்காத மருந்துக் குப்பிகள் ஃப்ரிட்ஜ் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தன.

புண் மிளகிலிருந்து புளியங்கொட்டை அளவுக்கு வந்தபோது அவளிடம் பேசினேன்.

“அந்தத் தகடு ரெண்டும் இரும்பு. உப்புத்தண்ணியில கரண்ட் விட்டா துருவாக் கரையும். தண்ணி அதனாலதான் நிறம் மாறுது. காலே வைக்காம ஓட்டிக் காட்டட்டுமா?”

“ஒனக்கு எதுலயும் குத்தம்தாண்ணே. கோயில் தீர்த்தத்தையே லிட்மஸ் தாள்ல தொட்டுப் பாத்தவந்தான நீ?”

“அது நடுநிலையா இருந்துச்சு.”

“சாமி பொழச்சிது.” சிரித்தாள். பிறகு சொன்னாள்: “சரி. காலில்லாம தண்ணி பழுப்பாச்சுன்னா மறுநாளே ஊசி போட்டுக்கிடுதேன். ஒம்மேல சத்தியம்.”

தவசீலன் இந்தச் சோதனைக்கு மறுப்புச் சொல்லவில்லை. உப்பை அவரே போட்டார். செண்பகம் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். காத்திருந்த நான்கு பேரும் தங்கள் கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார்கள். இருபத்தாறாவது நிமிடத்தில் தண்ணீர் நல்ல பழுப்பாகியது.

நான் செண்பகத்தைப் பார்த்தேன். அவள் டப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தவசீலன் எழுந்து போய் அட்டவணையில் விரலை வைத்தார்.

“கல்லீரல்,” என்றார்.

“யாருக்கு?” என்றேன்.

“உள்ள வேற யாரும் இல்லையே சார்.”

அனுமானத்தில் பிழை காண முடியவில்லை. நிறம் மாறினால் நச்சு உண்டு. நிறம் மாறியது. கால் ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்தது டப். நான்கு வருடமாக ஊர்க்காரர்களின் கால்களிலிருந்து இறங்கியதையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் அது வேலை பார்த்திருக்கிறது.

காத்திருந்தவர்களில் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ராஜாமணி என்ற பெண், “இம்புட்டு நோவோட நம்மளச் சொமந்திருக்கே, வாயில்லாச் சீவன்,” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டப்பை உள்ளறையில் சேர்த்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே கட்டில். பார்வையாளர் நேரம் மாலை நான்கு முதல் ஆறு வரை. பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடியும் பன்னும் கொண்டுவந்து வைத்தார்கள். செண்பகம் தினமும் போய் அதன் விளிம்பைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தாள். போகும்போது கொஞ்சம் நொண்டினாள். வரும்போது கொஞ்சம் அதிகமாக நொண்டினாள்.

“சத்தியம் என்னாச்சு?” என்று கேட்டேன்.

“போட்டுக்கிடுதேன்னா போட்டுக்கிடுவேன். அது அங்க படுத்த படுக்கையா கெடக்கு. அத விட்டுட்டு நான் மட்டும் என் ஒடம்பப் பாத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்? அது எந்திரிக்கட்டும். மறுநாளே ஊசி.”

ஆகவே டப்பைக் குணப்படுத்துவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. தினமும் காலையில் அதைச் சோதித்தார்கள். தினமும் பழுப்பு. இதற்குள் செண்பகத்தின் பெருவிரல் முழுவதும் கறுத்திருந்தது. நான் பழைய டார்ச் பேட்டரி இரண்டை உடைத்து, நடுவில் இருந்த கார்பன் தண்டுகளை எடுத்துச் சுத்தம் செய்தேன். கார்பன் துருப்பிடிக்காது. மதியம் தவசீலன் சாப்பிடப் போனபோது கருவியிலிருந்த இரும்புத் தகடுகளைக் கழற்றிவிட்டுத் தண்டுகளைப் பொருத்தினேன்.

மறுநாள் தண்ணீர் அரை மணி நேரம் கழிந்தும் தெளிவாகவே இருந்தது. லேசாகக் குளோரின் வாசனை வந்தது. உப்புத்தண்ணீரில் அப்படி வரும். ஆரோக்கியத்தின் வாசனை என்றார் தவசீலன். டப்புக்கு மாலை போட்டு வாசல்வரை தூக்கி வந்தார்கள். ராஜாமணி ஆரத்தி எடுத்தார். செண்பகம் அந்த மகிழ்ச்சியிலேயே நாற்காலியில் உட்கார்ந்து, விரலில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்துவிட்டு, இரண்டு கால்களையும் அதில் வைத்தாள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

“பூரண சுத்தம்,” என்றார் தவசீலன். நான்கு பேர் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

“எதுக்குண்ணே?” என்றாள். “அதுவே ஊசி இல்லாம எந்திரிச்சிருச்சு. எனக்கும் தண்ணி தெளிஞ்சிருச்சு. நீயும் பாத்தேல்லா.”

“தகட்ட நான்தான் மாத்துனேன்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சுட்டது.

“நீ மாத்துனதாலதான் குணமாச்சுன்னு சொல்லுத. சொல்லிட்டுப் போயேன். நல்ல காரியம் செஞ்சிருக்க.”

அந்த வாரத்தில் இல்லத்துக்கு வந்த எல்லோருக்கும் தண்ணீர் தெளிவாக இருந்தது. எல்லோரும் குணமானார்கள். அவர்களில் இரண்டு பேரின் இறுதிச் சடங்குக்குப் போய்வந்தேன்.

தண்ணீர் தெளிந்த பன்னிரண்டாவது நாள் கறுப்பு கணுக்காலைத் தாண்டியது. செண்பகத்துக்கு நினைவு தப்பியது. திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இன்சுலினை நிறுத்தி எத்தனை நாள் ஆகிறது என்று டாக்டர் கேட்டார். நாற்பத்து மூன்று என்றேன். எழுதிக்கொண்டார். எழுதும்போது என்னைப் பார்க்கவில்லை.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் தவசீலன் வந்தார். டப்பையும் இடுப்பில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்.

“கடைசி நச்சு மொத்தமா வெளியேறிடுச்சுக்கா,” என்றார்.

“அப்படித்தான் நானும் நெனைச்சேன்,” என்றாள் செண்பகம். மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த ஊசியை வீட்டுக்கு வந்த அன்றே அவள் நிறுத்திவிட்டாள். “ஆனா இனிமே எப்படித் தம்பி வாரது? ஒரு காலத்தான வைக்க முடியும்.”

“கால் அவசியமே இல்லன்னு உங்க அண்ணனே நிரூபிச்சிருக்காரே.”

அது உண்மை. என் பெயர், சோதனை நடந்த தேதி, இருபத்தாறாவது நிமிடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் தட்டச்சு செய்து, சட்டம் போட்டு, அட்டவணைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். அதிலும் எழுத்துப்பிழை இல்லை.

கைவசம் இரண்டு கல்யாணத்துக்கான ஜாக்கெட்டுகள் இருந்தன. ஒற்றைக் காலால் மிஷினை மிதிக்க அவளால் முடியவில்லை. அதனால் டப் எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொண்டது. இடது பக்கம் செண்பகம் மிதிக்கிறாள். வலது பக்கம் டப் மிதிக்கிறது. இரண்டு பேருக்கும் தாளம் சரியாக விழ நான்கு நாள் ஆயிற்று.

போன திங்கட்கிழமை சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்துவந்து செண்பகத்தின் விரலைக் கேட்டேன். இடது கால் சுண்டுவிரலில் மிளகு அளவு ஒரு புண் தெரிந்தது.

“எனக்கு எதுக்கு? அதுக்குப் பாரு. அதுதான் ஒழைக்கி,” என்றாள்.

பார்த்தேன். வெறும் வயிற்றில் இருநூற்றுப் பன்னிரண்டு.

“போட்டு விடு. ஊசி போடணும்னு எத்தன நாளா ஆசப்பட்ட.”

குப்பியில் காலாவதித் தேதியைப் பார்த்தேன். இன்னும் நான்கு மாதம் இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் பத்து யூனிட் போட்டுவருகிறேன். செண்பகம் வேலையை நிறுத்துவதில்லை. தைத்துக்கொண்டிருக்கும்போதே போட வேண்டியிருக்கிறது. இன்று ஊசி கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. டப் மிதியிலிருந்து வலது காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மணப்பெண்ணின் ஜாக்கெட் கையில் ஒரு தையல் கோணலாக விழுந்துவிட்டது.