முதலில் வந்தவர் காத்திருக்க வேண்டும்

கடைசியாக நாங்கள் பேசிக்கொண்டது ஆரஞ்சுத் தோலைப் பற்றி. மூன்றாவது ஊரைத் தாண்டியதும் ஒரு மேட்டில் உட்கார்ந்து பழத்தைத் தின்றோம். தோலைச் சரிவில் வீசப் போனேன்.

"அங்க போடாத. கீழ யாரோ தோட்டம் வெச்சிருக்காங்க. குடு இப்படி," என்று என் கணவர் வாங்கித் தன் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

"கறை பட்டா நீங்கதான் தொவைக்கணும்."

"என்னைக்கு நீ தொவைச்சே?"

நான் சிரித்துவிட்டு எழுந்து நடந்தேன். அவர் காலணியைக் கழற்றி உள்ளே போன கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கடலோரமாக ஐந்து ஊர்கள். எல்லாம் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருப்பவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கல்படியும் மண்பாதையுமாகப் போகவேண்டும். மூன்று நாள் நடை என்று கிளம்பியிருந்தோம். அது இரண்டாம் நாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல ஒருத்தரும் படி ஏறக் கூடாதுன்னு முப்பத்தோரு வருஷமா பாடுபடறேன். லீவுலயாவது நான் ஏறிக்கிறேனே," என்பார். நான் பாடப்புத்தக அச்சகம் ஒன்றில் பிழை திருத்தும் வேலையில் இருந்தேன். எங்கே புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்றே எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பதால் அவருக்கு நான் புள்ளிக்காரி.

நாங்கள் சேர்ந்து நடப்பதில்லை. எனக்கு வேகமாக நடந்தால்தான் மூச்சு சீராக வரும். அவர் பத்தடிக்கு ஒருமுறை நிற்பார். அந்த மலையில் திராட்சைக் கூடைகளை ஏற்றி இறக்கக் கம்பிவடம் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கப்பியிடமும் நின்று, கையால் சுற்றிப் பார்த்து, எண்ணெய் போடாத ஆளைத் திட்டிவிட்டுத்தான் நகர்வார். கூடவே நின்றால் எனக்கு எரிச்சல் வரும், சண்டை வரும். ஆகவே நான் முன்னால் போவேன்.

அதற்கு ஒரு விதி வைத்திருந்தோம். பதினொரு வருடம் முன்பு வேறொரு மலையில் அவரைக் காணோமே என்று நான் திரும்பிப் போனேன். அவர் வேறு பாதையில் வந்து சேர்ந்துவிட்டு, என்னைக் காணோமே என்று தேடக் கிளம்பினார். மூன்று மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டு திரிந்தோம். அன்று அவர் சொன்னார்: "இனிமே முதல்ல போய்ச் சேர்றவங்க அங்கயே காத்திருக்கணும். வானமே இடிஞ்சு விழுந்தாலும் திரும்பிப் போகக் கூடாது." அதன்பிறகு ஒருமுறையும் தொலையவில்லை.

நான்காவது ஊருக்கு ஒன்று பத்துக்கு வந்து சேர்ந்தேன். ஊர் நடுவில் ஒரு குழாய், ஒரு டீக்கடை, வெளியே நான்கு நாற்காலி. டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கைபேசி இரண்டும் என் பையில் இருந்தன. ஏறும்போது தொடையில் இடிக்கிறது என்று அவருடையதையும் காலையிலேயே என்னிடம் கொடுத்திருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கடைக்கார அம்மா மேசை துடைக்க வந்தாள்.

"யாருக்காகவாவது காத்திருக்கீங்களா?"

"வீட்டுக்காரர். பின்னால வர்றார்."

"ரொம்பப் பின்னால வர்றாரோ?"

"அவர் வழியில கம்பி, சக்கரம்னு எதையாவது நோண்டிக்கிட்டிருப்பார்."

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். உப்பு வாங்கப் போனா உப்பு விளையிற வரைக்கும் நின்னு பாத்துட்டு வருவார்." சிரித்துவிட்டுப் பாதையைப் பார்த்தாள். "எதுக்கும் ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்."

"நான் போனா அவர் வேற வழியில வந்துடுவார். அப்புறம் திட்டு வாங்கணும்," என்றேன். மேல்பாதை, கீழ்பாதை என்று இரண்டு இருந்தது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எங்கள் ஏற்பாடு மற்றவர்களுக்குப் புரியாது என்ற பெருமை.

கடையின் விலைப்பலகையில் இரண்டு பிழைகள் இருந்தன. அவர் வந்ததும் காட்டிச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தேன். பிறகு கோபம் வந்தது. வந்தால் என்ன கேட்பது என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். பயம் வந்ததாக நினைவில்லை. வந்ததென்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் வரவில்லை.

மூன்று மணிக்குத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் வேகமாக இறங்கி வந்தார். கடைக்கார அம்மாவிடம்தான் முதலில் பேசினார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

கீழ்பாதையில் ஒரு வளைவில் என் கணவர் கல்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர் போலத்தான் இருந்தார்.

அந்த ஊர் மருத்துவர் இளைஞர். மாரடைப்பு என்றார். நான் கேட்டேன், அவர் சொல்லத் தயங்கினார், மறுபடி கேட்டேன். "உடனே நடந்திருக்காதும்மா. உக்காந்த பிறகு ஒரு நாப்பது நிமிஷம் இருந்திருப்பார். கொஞ்சம் கூடவும் இருந்திருக்கலாம்." சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கொடுக்க மருந்து இருந்தது என்பதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது என் கொழுந்தன் கேட்டார்: "எவ்வளவு நேரம் அண்ணி காத்திருந்தீங்க?"

"அரை மணி நேரம்," என்றேன்.

வாய் அதைத் தானாகச் சொன்னது. அரை மணி நேரம் யார் வேண்டுமானாலும் காத்திருப்பார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். என் மகளும் அங்கேதான் இருந்தாள்.

ஏழு மாதம் கழித்து அவள் அந்தப் பாதையில் போய் நடக்கப்போவதாகச் சொன்னாள். அப்பா உட்கார்ந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். அவள் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்பவள். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டாள். கடைக்கார அம்மாவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்பதால்தான் உண்மையைச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். வேறு காரணம் இருந்ததா என்று எனக்கே தெரியவில்லை. அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அரை மணி இல்ல. ஒரு மணி அம்பது நிமிஷம்."

அவள் ஒரு சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

அதையும் சொன்னேன்.

"எழுந்து போகணும்னு ஒருதரம்கூடத் தோணலையாம்மா?"

"தோணுச்சு. அப்பா திட்டுவார்னு உக்காந்துட்டேன்."

"திட்டினா திட்டட்டும்னு போயிருக்கலாம்ல? மத்ததுக்கெல்லாம் அவர் திட்டினா நீ கேட்டியா என்ன?"

வாழ்நாள் முழுவதும் அவர் சொன்ன எதையும் நான் அப்படியே கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டேன்.

அவள் பெட்டியை மூடினாள். என்னைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, கத்தவும் இல்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

நான்காம் நாள் மதியம் கூப்பிட்டாள். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"கடைல இருந்து அந்தச் சுவர் வரைக்கும் நடந்து பாத்தேன்."

"ம்."

"சொல்லணுமா, வேணாமாம்மா?"

"சொல்லு."

மூச்சை இழுத்து விட்டாள். ஏறி இறங்கிய மூச்சா, வேறு மூச்சா தெரியவில்லை.

"பதினெட்டு நிமிஷம். ரெண்டு தரம் பாத்தேன். மெதுவாத்தான் ஏறினேன்."

பிறகு அவள் வெயில் அதிகம் என்றாள், ஐந்தாவது ஊருக்குப் போகவில்லை, பேருந்தில் திரும்புகிறேன் என்றாள். சரி, தொப்பி போட்டுக்கொள் என்றேன்.

நான் அங்கே மறுபடி போகவில்லை. போகும் எண்ணமும் இல்லை. டீக்கடையிலிருந்து கீழ்பாதையில் அந்தச் சுவருக்கு, மெதுவாக ஏறினால், பதினெட்டு நிமிடம்.