மோகன்ராஜின் கவரிங் லெட்டர் நிரந்தரமான வரலாறு

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தின் சகல குடிமக்களும் எழுந்து நின்று கேட்கவேண்டிய அறிவிப்பு இது: ஓர் இரும்பு உருக்காலையில் ஒன்பது வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த மோகன்ராஜின் கவரிங் லெட்டருக்கு, அதே ஆலையில் உதவி மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. மோகன்ராஜுக்குக் கிடைக்கவில்லை.

வயது வரம்பு முப்பத்தைந்து. அவனுக்கு அதைத் தாண்டப் பதினெட்டு நாள் இருந்தது. இதை விட்டால் நிரந்தர வேலை இந்தப் பிறவியில் இல்லை. விண்ணப்பத்தோடு வைக்கக் கைப்பட எழுதிக்கொண்டு போனது மூன்றே வரி: ஒன்பது வருடமாக உங்கள் உலை முன்னால் நிற்கிறேன், புருவம் கருகிவிட்டது, நிரந்தரமாக்கவும். பஜாரில் பிரவுசிங் சென்டர் நடத்தும் பூமிகா படித்துப் பார்த்தாள். "இன்னாண்ணா இது, போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கிற மாதிரி கீது?" என்று அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகத் தட்டினாள். அதில் சவால்களை நேசிக்கிற, குழுவோடு இரண்டறக் கலக்கிற, நிறுவனத்தின் தொலைநோக்கையே மூச்சாகக் கொண்ட ஒருவன் இருந்தான்.

"யாரும்மா இந்த ஆளு?"

"நீதாண்ணா."

"நான் பாத்ததே இல்லியே."

"கம்பெனிக்காரனும் உன்ன பாத்ததில்ல. வுடுண்ணா."

அந்தப் பக்கத்து விண்ணப்பங்கள் ஆலைக்குப் போகுமுன் பெரியபாளையத்து பவானி அம்மனிடம் போகும். விண்ணப்பித்தவர் வேப்பிலை ஆடை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றவேண்டும். கான்ட்ராக்டர் ஸ்டீபன் லீவு தரவில்லை. அதனால் மோகன்ராஜின் அம்மா பூவம்மாள், கடிதத்துக்கே வேப்பிலை கட்டி மூன்று சுற்று சுற்றிக் கொண்டுவந்தாள். சுற்றியவருக்குத்தான் அம்மன் அருள். சுற்றியது கடிதம்.

நேர்காணலில் அது ஃபைலிலிருந்து இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தது. மனிதவள அதிகாரி பராசரன் கேட்டதற்கெல்லாம் தன்னிடமிருந்த பதிலையே சொன்னது. அவர் கேட்க விரும்பியதும் அதுதான். பின்னால் நின்றவனை அப்புறம்தான் கவனித்தார். "நீங்க யாரு?" "லெட்டரு என்னுதுதான் சார்." "வெளிய வெய்ட் பண்ணுங்க." வயதைச் சரிபார்த்தார்கள். கடிதத்துக்கு நான்கு நாள்.

லேமினேட் செய்து, கழுத்துக்கயிறும் அடையாள அட்டையும் கொடுத்தார்கள். உலைச் சூட்டில் ஓரம் சுருளும் என்பதால் ஏசி அறை. முதல் வருடம் சிறந்த ஊழியர் விருது, இரண்டாம் வருடம் பதவி உயர்வு, மூன்றாம் வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உழைப்பின் மேன்மை பற்றி உரை. இரும்பு எப்போதும்போல மோகன்ராஜின் கையால் உருகிக்கொண்டிருந்தது. பூவம்மாள் ரேஷன் கடை வரிசையில், "எங்க ஊட்ல ஒருத்தனுக்கு பர்மனெண்ட் ஆயிடுச்சி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். வீட்டுக்கு வந்தால், "அது மாதிரி நீயும் கொஞ்சம் பதவிசா இருந்தா இன்னா நைனா?"

நான்காம் வருடம் ஆள்குறைப்பு. பட்டியலைக் கடிதமே தயாரித்தது. மோகன்ராஜ் பெயருக்கு எதிரே, குழுவோடு கலக்கும் தன்மை போதாது என்றிருந்தது. அவன் அதைப் பூமிகாவிடம் காட்டினான். "வார்த்தை என்னுதுதாண்ணா" என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. லேமினேஷன் ஒரு மூலையில் பிரிந்திருந்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து அறைவரை கடிதத்தை நனையாமல் தூக்கிப்போக ஓர் ஆள் தேவை என்று ஆலை வாசலில் ஒட்டினார்கள்: பதினோரு மாத ஒப்பந்தம், வயது வரம்பு இல்லை, கவரிங் லெட்டர் தேவையில்லை.

மோகன்ராஜ் திங்கட்கிழமை சேர்ந்தான். குடை அவனுடையது.