கட்டைவிரல் அளவு கேமரா

இருபத்திரண்டு வருடமாக நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் விபத்து மனுக்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மரம் வந்து மோதியது என்று எழுதியவர் உண்டு. நாய், பூனை, மழை, மாமியார் என்று எல்லார் மேலும் பழி போட்டவர்கள் உண்டு. "என் தப்பு" என்று எழுதிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட வேலையில் இருக்கும் ஒருத்திக்குச் சந்தேகம் வராவிட்டால்தான் ஆச்சரியம். என் கணவர் சந்திரசேகரன் மட்டும், "ருக்குமணி பிறந்தப்பவே நர்ஸ சந்தேகமா பார்த்திருப்பா" என்று சொல்லிச் சிரிப்பார்.

எங்களுக்கு ஒரே மகள், காமினி. இருபத்து மூன்று வயது. மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து தினமும் கடல் பாலம் தாண்டிப் போய் வரவேண்டும் என்பதால் காரை அவளிடம் கொடுத்துவிட்டு நான் பஸ்ஸில் போகிறேன். அவள் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்னும் புது ஓட்டுநர் என்று காட்டும் 'பி' ஒட்டிய கார்தான்.

மூன்று மாதமாக அவள் போனைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரித்தால் தப்பா என்று கேட்காதீர்கள். என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்துகிறாளே, அதுதான் தப்பு. நெருப்பில்லாமல் புகையாது. அதனால்தான் காரில் ஒரு கேமரா வைக்க முடிவு செய்தேன். வீட்டில் கேட்டபோது விபத்துக்கு ஆதாரம் வேண்டும் என்றேன். அது பொய்யில்லை, பாதி உண்மை.

கார் சாமான் கடை வைத்திருக்கும் ஹரிசங்கர் மேசைமேல் மூன்று கேமராக்களை வரிசையாக வைத்தான்.

"இது பெருசுக்கா, பின்னால திரையெல்லாம் இருக்கு. இது நடுத்தரம். இது சின்னது, கட்டவிரல் அளவுதான். திரை கெடையாது. போன்லதான் பார்க்கணும்."

"சின்னதுக்கு ஏன் வெல கூட?"

"இதுல பேட்டரி இல்லக்கா, கெபாசிட்டர். நம்ம ஊரு வெயில்ல காடிய நாள் முழுக்க நிறுத்தினா பேட்டரி உப்பிரும்லா. அதான்."

உப்புகிறதோ இல்லையோ, யார் கண்டது? நான் மற்ற இரண்டையும் புரட்டிப் பார்த்தேன். பெரியது கண்ணாடி நடுவில் தொங்கி, "நான் இருக்கிறேன், ஜாக்கிரதை" என்று சொல்லும். சின்னது பின்னோக்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்; ஓட்டுகிறவள் கண்ணில் படாது, இரண்டு நாளில் மறந்தும் போவாள். என் தேவைக்கு அதுதான் சரி.

"சத்தம் பதியுமா?"

"பதியும்க்கா. வேணாம்னா ஆஃப் பண்ணிரலாம்."

"இருக்கட்டும்."

அவன் காரின் முன்கண்ணாடியை உள்பக்கம் துடைத்து, உச்சியில் நட்டநடுவில் கேமராவை ஒட்டினான். வயரை ஓரத்துக்குள் தள்ளி மறைத்தான். "இஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் தானா பதியும். மூணு மூணு நிமிஷமா துண்டு துண்டா இருக்கும். கார்டு நெறஞ்சா பழசு மேலயே திரும்ப எழுதும். ஒண்ணே ஒண்ணுக்கா, அந்த எடத்துல ஸ்டிக்கர் கிஸ்டிக்கர் எதையும் ஒட்டிறாதீங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைப் பார்த்தால் காரில் பொம்மை ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் மாதிரியா இருக்கிறது? "எனக்குத் தெரியும்லா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேமரா இருப்பதைக் காமினியிடம் சொன்னேன். சத்தமும் பதியும் என்பதைச் சொல்லவில்லை.

திங்கள் முதல் வியாழன் வரை, அவள் குளிக்கப் போகிற நேரத்தில் கீழே காருக்குப் போய், எல்லாவற்றையும் போனில் இறக்கிக் கேட்டேன். என்ன கிடைத்தது என்கிறீர்கள்? சுருதி சேராத பாட்டு. அமீரா என்ற தோழியோடு, கேண்டீன் நாசி லெமாக் சோற்றில் நெத்திலி குறைந்துவிட்டது என்று பதினொரு நிமிடப் பேச்சு. பிறகு ஒரு பழக்கம்: சமிக்ஞை விளக்குக்கு முன் நின்றால், புக்கிட் மெர்தாஜாமில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மலாய்க்காரர் சொல்லிக்கொடுத்தபடி, நிறத்தை வாய்விட்டுச் சொல்கிறாள். சிவப்பு என்றால் "மேரா". பச்சை விழுந்தால் "ஹிஜாவ், போலாம்". சின்னப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போலவே சொல்கிறாள். ஒன்றும் சிக்கவில்லையே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒன்றுமில்லாவிட்டால் நிம்மதிப்படாமல், கூடுதலாகச் சந்தேகப்படுகிற குணம் என்னுடையது.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் பூசைத் தட்டோடு கீழே இறங்கி, காருக்கும் பொட்டு வைத்து அவளை அனுப்பினேன். அன்று மாலைதான் விபத்து.

மாக் மண்டின் சந்தியில் ஐந்து நாற்பதுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து காரின் முன்பக்கத்தில் இடித்தது. ஓட்டியவன் பெயர் ஃபிக்ரி. முழங்கால் சிராய்ப்பும் மணிக்கட்டில் வீக்கமும். பிள்ளை தப்பித்தது, அவனும் தப்பித்தான். ஆனால் அவன் தனக்குத்தான் பச்சை என்கிறான். காமினி தனக்குத்தான் பச்சை என்கிறாள். இரண்டு பேருக்கும் பச்சை விழும் சந்தி உலகத்தில் இல்லை. சிவப்பில் போனாள் என்று முடிவானால் 'பி' லைசென்ஸ் போனாலும் போகும். லைசென்ஸ் போனால் அந்த வேலையும் போகும்.

"கேமரா இருக்குல்ல, அதப் பாருங்கம்மா" என்றாள் வீட்டுக்கு வந்ததும், முகம்கூடக் கழுவாமல்.

அன்றைய துண்டுகளைக் காரிலிருந்து போனில் இறக்கிக்கொண்டு வந்தேன்; சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்ந்தோம். நான் முதல் வேலையாகப் போனின் ஒலியை அடைத்தேன். சத்தம் வந்தால் என் குட்டு உடைந்துவிடும். 5.38 துண்டைத் திறந்தேன். திரையில் சாலையும் இல்லை, விளக்கும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்தால் தெரியுமே, அந்தச் செம்பழுப்பு மட்டும் இருந்தது. அதற்கு முந்தைய துண்டும் அப்படியே. காலையில் பாலத்தின் மேல் போனதும் அப்படியே. ஆனால் விபத்துக்குப் பிறகு, மழையில் வீடு திரும்பும்போது ஆறே கால் துண்டு பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு மழைத்துளியும் எண்ணும்படி தெரிந்தது.

விபத்துக்கு முன்னால் குருடு. விபத்துக்குப் பின்னால் தெளிவு. இருபத்திரண்டு வருட அனுபவத்தில் இதைவிட அப்பட்டமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

"கேமராவ எதுல மூடின?"

"நான் தொடவே இல்லம்மா."

"அப்ப அதுவே கண்ண மூடிக்கிச்சா? இடிச்சதும் பயந்து தொறந்துக்கிச்சா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? எனக்குப் பச்ச விழுந்துச்சு. சத்தியமா விழுந்துச்சு."

"மடியில கனமில்லன்னா வழியில பயம் எதுக்கு? நான் பார்க்கக் கூடாத எடத்துக்கு எங்கயோ போயிருக்க. அதுக்குத்தான் காலையிலேயே மூடியிருக்க."

"ருக்கு, பிள்ள சொல்றதக் கொஞ்சம் கேளேன்" என்றார் சந்திரசேகரன்.

"நீங்க சும்மா இருங்க. செல்லம் கொடுத்துக் கெடுத்ததே நீங்கதான்."

காமினி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கும். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று எழுந்து போனாள்.

இருபத்து நாலு மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவளை அழைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். வண்டியை நான்தான் ஓட்டினேன். வழி முழுக்க நான் சொன்னது ஒரே விஷயம்: பொய் ரிப்போர்ட் கொடுப்பது சிவப்பில் போனதைவிடப் பெரிய குற்றம். "போனதும் ஒழுங்கா 'சாலா சாயா'ன்னு சொல்லிரு. என் தப்புன்னு ஒத்துக்கிட்டா கொறஞ்ச தண்டனையோட போயிரும்."

நிலைய வாசலில் காரை நிறுத்தியபோது அவள் மெல்லக் கேட்டாள். "நான் செய்யாததச் செஞ்சேன்னு சொல்லணுமா?"

"செஞ்சியா இல்லையான்னு இப்ப பார்த்துருவோம்" என்றேன். அவள் எப்போது மூடினாள் என்று காட்டிவிட்டால் வாய் அடைந்துபோகும். முந்தின நாள் துண்டுகளை இரவில் பின்னிருந்து முன்னாகப் பார்த்த நான், ஒன்றை மட்டும் திறக்கவில்லை. காலை 6.52, எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடம். வீட்டு வாசலில் என்ன இருக்கப் போகிறது என்று கோபத்தில் விட்டிருந்தேன். கையும் களவுமாகப் பிடிக்கும் ஆசையில் போனை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்து, ஒலியை அடைத்தபடியே அதைத் திறந்தேன்.

படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. தூண், பக்கத்து வீட்டுக்காரரின் வேன், வானம் வெளுக்கும் நேரம். ஏர்கண்ட் குளிரட்டும் என்று காமினி இஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்த நேரம் அது. ஓரத்திலிருந்து ஒரு முகம் வந்தது. ஈரத்தலையில் துண்டு சுற்றிய முகம். மூக்கு மட்டும் கொழுக்கட்டை அளவுக்குப் பெரிதாக இருந்தது.

அது நான்.

இடது கையில் தட்டு. திருநீறு, சந்தனம், குங்குமம். மனிதருக்கு நெற்றி எதுவோ காருக்கு அது முன்கண்ணாடியின் உச்சி. கார் வாங்கிய நாளிலிருந்து வெள்ளிதோறும் அங்கேதான் நான் பொட்டு வைக்கிறேன். திரையில் என் வாய் அசைந்தது. என்ன வேண்டினேன் என்று எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவா, முருகா. பிறகு என் கட்டைவிரல் நீண்டது. பெரிதாகி, இன்னும் பெரிதாகி, திரையை அடைத்தது. சந்தனம் ஒரு சுற்று. குங்குமம் ஓர் அழுத்து. அதோடு எல்லாம் செம்பழுப்பானது.

ஹரிசங்கர் ஸ்டிக்கர் ஒட்டாதே என்றான். பொட்டும் அதில் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாலை மழை வந்து கழுவிவிட்டது. அவ்வளவுதான் மர்மம்.

"அம்மா, இது நீங்க" என்றாள் காமினி. குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

கேமராவுக்குக் கண் போனது சரி. காது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. 5.38 துண்டில் சத்தம் இருக்கும். அதைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் ஒலியைத் திறந்தால் நான் நாலு நாளாக என்ன செய்தேன் என்பதும் தெரிந்துவிடும். கனம் என் மடியில்தான் இருந்தது. பேசாமல் மூடிவிட்டு, 'சரி, பச்சைன்னே சொல்லு' என்று இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

"காமினி, இதுல சத்தமும் பதியும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "எப்பருந்து?"

"மொத நாள்லருந்து."

"அமீராகிட்ட பேசினது?"

"கேட்டேன்."

"நான் பாடினது?"

"அதையுந்தான்."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் ஒலியை முழுக்கத் திறந்து 5.38 ஐ ஓடவிட்டேன். செம்பழுப்புத் திரைக்குள்ளிருந்து ஏர்கண்ட் இரைச்சல் வந்தது. "மேரா" என்றது அவள் குரல். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, "ஹிஜாவ், போலாம்." கார் நகரும் சத்தம். ஒரு ஹார்ன். டொம்மென்று ஓர் அடி.

கதவு திறந்தது. வெளியே தூரத்தில், "அபாங், அண்ணே, ஓகேயா? அடி பட்டிருக்கா?" என்று மலாயும் தமிழும் குழம்பிப் பதறினாள். வேறு குரல்கள் கேட்டன. அடுத்த துண்டும் தானாக ஓடியது; அதில் கதவு மூடியது. அவள் மட்டும் உள்ளே. மூக்கை உறிஞ்சும் சத்தம். யாருமில்லை என்று நினைத்து அவள் தனக்குத்தானே சொன்னாள்.

"ஐயோ, அம்மா நம்பமாட்டாங்களே."

துண்டு அங்கே முடிந்தது. எனக்கு அழுகை வந்தது. மற்ற பிள்ளைகள் அடிபட்டால் அம்மா என்று கத்துவார்கள். என் பிள்ளை அம்மாவை நினைத்துத்தான் பயந்திருக்கிறாள். மோட்டாரைவிட, போலீஸைவிட, என்னை நினைத்து. "மன்னிச்சிரும்மா" என்றேன். அவள் கதவைத் திறந்து இறங்கி நடந்தாள். நான் பின்னால் போனேன்.

உள்ளே ஹமீதா என்ற பெண் போலீஸ் கணினிக்கு முன் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுத் தட்டினார். காமினி நடந்ததை நடந்தபடி சொன்னாள். எனக்குப் பச்சை விழுந்தது, நான் நகர்ந்தேன், மோட்டார் வலது பக்கமிருந்து வந்தது. ஹமீதா நிமிர்ந்து, காரில் கேமரா உண்டா என்று மலாயில் கேட்டார்.

காமினி என்னை ஒரு தரம் பார்த்தாள். "ரோசாக், புவான்" என்றாள். கெட்டுப்போய்விட்டது, மேடம் என்கிறாள். காலையிலிருந்து பொய் சொல்லாதே என்று நான் மிரட்டிக்கொண்டு வந்த பிள்ளை, அந்த ஒரே பொய்யை எனக்காகச் சொன்னாள்.

"கெட்டுப்போகலை" என்று நான் மேசைக்கு முன்னால் போனேன். போனை எடுத்து ஹமீதாவின் முன் வைத்தேன். சத்தம் முழுக்க இருக்கிறது, கேளுங்கள் என்றேன். படம் ஏன் இல்லை என்று அவர் கேட்டார்.

"படத்தை மூடியது நான். சாலா சாயா, புவான்."

அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதையும் ரிப்போர்ட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.