மூடி வைத்த கரை

மகள் மிளகு பேச்சை நிறுத்தியதிலிருந்து அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை. முதலில் திக்கினாள். வீட்டில் ஆளாளுக்குத் திருத்தினார்கள், பள்ளியில் சிரித்தார்கள். ஒருநாள் வாயைப் பூட்டிக்கொண்டாள்.

அம்மா விடவில்லை. "தண்ணி வேணுமா? தண்ணின்னு சொல்லு, தர்றேன்." குழந்தை டம்ளரைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், தாகத்தோடு திரும்பிப் போய்விட்டாள். அன்றே அவளைத் தூக்கிக்கொண்டு பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

டாக்டரம்மா குழந்தையிடம் ஒன்றுமே கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அவள் பக்கம் தள்ளிவிட்டு, அம்மாவிடம்தான் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கழிமுகத்துல சிப்பிக் காவல். எங்க சனங்க ஆதியிலேர்ந்தே அங்கதான். எந்தப் பக்கம் எடுக்கலாம், எந்தப் பக்கம் கூடாதுன்னு முடிவு பண்ற குழுவுல நானும் இருக்கேன்."

"சிப்பி குறைஞ்சா?"

"அந்தக் கரையை மூடிருவோம். யார் கெஞ்சினாலும் கை வைக்க விடமாட்டோம். அதுக்காக அம்போன்னும் விடமாட்டோம். பாசியை ஒதுக்கி, கல் அடுக்கி வைப்போம். சிப்பிக் குஞ்சு ஒட்டிக்க இடம் வேணும்ல?"

"வளந்திருக்கான்னு தோண்டிப் பாப்பீங்களா?"

"ஐயோ, தோண்டினா எல்லாம் செத்துரும்..." மகளைப் பார்த்தாள்.

"இவளையும் அப்படி விட்டுப் பாப்போம்," என்றார் டாக்டரம்மா. "சொல்லு சொல்லுங்கறது வேணாம். நீங்க பேசுங்க, பேசிட்டுக் காத்திருங்க. அவ என்ன சத்தம் போட்டாலும் பதில் குடுங்க."

"இப்படியே ஊமையா நின்னுட்டா?"

"நிக்க மாட்டான்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. எனக்கும் பயம் இருக்கு."

அந்தப் பதிலில் அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. ஆனாலும் மகளைச் 'சொல்லு' என்பதை நிறுத்தினாள். சிப்பி வாளியை அம்மா தட்டுவாள். சற்றுப் பொறுத்து மிளகும் எதையாவது தட்டுவாள். வீட்டில் அதுவே பேச்சானது.

ஒரு காலை மூடிய கரையில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பனிமூட்டம் இறங்கியது. அம்மா நிமிர்ந்தபோது பக்கத்தில் குழந்தை இல்லை. நீரேற்றம் தொடங்கிவிட்டிருந்தது.

"மிளகு! எங்கடி இருக்கே? சொல்லு!" அவளும் கூட வந்திருந்த அவள் தம்பியும் குழுவினரும் நாலா பக்கமும் கத்தினார்கள். பதில் இல்லை. கத்தலுக்குமேல் கத்தல் ஏற ஏற, அவளுக்கு உறைத்தது. இத்தனை 'சொல்லு'வுக்கு நடுவில் அந்தப் பிள்ளை எப்படி வாயைத் திறப்பாள்?

"யாரும் கத்தாதீங்க!"

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா? தண்ணி ஏறுது!"

"வாயை மூடுடா!"

எல்லோரும் அடங்கினார்கள். நீர் நுழையும் சலசலப்பு மட்டும் கேட்டது. தன் முடிவு தப்பாகிவிட்டால்?

"அம்மா இங்கதான் இருக்கேன்," என்றாள், குரல் உடையாமல் பார்த்துக்கொண்டு. "தண்ணி கணுக்காலுக்கு வந்துருச்சு. ஜில்லுன்னு இருக்கு."

கையிலிருந்த வாளியைத் தட்டினாள். நின்றாள். ஒன்றும் இல்லை. நீர் முழங்காலைத் தொட்டது. மறுபடி தட்டினாள். ஓட வேண்டும்போல் கால்கள் பறந்தன. எந்தப் பக்கம் ஓடுவது?

இடப்பக்கம், வெகு தூரத்தில், கல்லோடு கல் மோதும் சத்தம்.

அவள் தட்டினாள். கல் பதில் சொன்னது. தட்டிக்கொண்டே அந்தத் திசையில் சேற்றைக் கிழித்துப் போனாள். அப்போதுதான் கேட்டது:

"ம்... ம்மா. கா... காலு."

சேற்றில் கால் புதைந்து, இடுப்பளவு நீரில் நின்றிருந்தாள் மிளகு. தம்பிதான் கையால் தோண்டி இழுத்தான். "பேசிட்டா அக்கா! செல்லம், இன்னொரு தரம்..." என்று தொடங்கியவன் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அதற்குப்பின் மிளகு பல நாள் பேசவில்லை. அம்மா மறுபடியும் பயந்தாள். அழுவதற்குக் குளியலறைக்குப் போனாள். பிறகு சொற்கள் ஒன்றிரண்டாகத் திரும்பின, திக்கலோடுதான். திக்கல் முழுதாகப் போகும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று குழந்தை அம்மாவின் கையை உதறிக்கொண்டு உள்ளே போனாள். வாசல் கம்பியைப் பிடித்த அம்மா, மணி அடித்தும் விடவில்லை.