பௌர்ணமி வடிகட்டி

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்டேன், அவ்வளவுதான். செங்கம் ரோட்டில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு நேர் கீழே தேவிப்ரியாவின் அலுவலகம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஜன்னல் நிறைய மலை. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போடும் குடும்பத்துப் பெண். சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து ‘முணுமுணு’ என்று ஒரு தளம் கட்டிக்கொண்டிருக்கிறாள். போனில் ஒரு மெட்டை முணுமுணுத்தால் போதும். ஏஐ அதற்குத் தாளமும் குழலும் சேர்த்துப் பாட்டாக்கி, பாடியவர் பெயரிலேயே எல்லா மியூசிக் ஆப்புக்கும் அனுப்பிவிடும். நடுவில் கம்பெனி கிடையாது.

கிரிவலம் போகும் வழியில் கண்ணில் பட்டதை வைத்து முதலில் இப்படித் தொடங்கினேன். அடைப்புக்குறிக்குள் இருப்பவை, வெட்டிவிடலாம் என்று நினைத்த வரிகள்:

“ஆட்டோ ஓட்டும் வேடியப்பன் ஒரு பௌர்ணமி மாலையில், அடி அண்ணாமலையில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து போனில் பாடினார். (உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கூடவே யாரோ ஒரு பெண் பாடுவதும் கேட்டது.) கிரிவலக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போனது. மலைமேல் நிலா…”

நிலாவோடு நிறுத்திவிட்டேன். இந்த ஊரில் தங்கி எழுதுகிற எல்லோரும் மலைமேல் நிலாவை வைத்தாயிற்று.

2

வேடியப்பன் பாடியது ஒரே அடி.

மலையச் சுத்தி வாரேன், மழையே நீ எங்க நிக்கிற?

அதையே நாலு விதமாக இழுத்திருந்தார். குழலும் தாளமும் சேர்ந்தபின் பாட்டு எங்கோ போய்விட்டது. அடுத்த பௌர்ணமியின் விடியலில் நான் கிரிவலப் பாதையில் நடந்தபோது முன்னால் போகிறவர் போனில் அது பாடியது. அவர் போனில் முடிகிற இடத்தில் பின்னால் வருகிறவர் போனில் தொடங்கியது. மேகம் மலையின் இடுப்பு வரை இறங்கியிருந்தது. வெறுங்கால்கள், ஈரத் தார் ரோடு, அந்த ஒரே கேள்வி. நான் நடக்கிறேனா, அறையில் படுத்து எழுதிக்கொண்டிருக்கிறேனா என்றே கொஞ்ச நேரம் தெரியவில்லை. (இப்போதும் சரியாகத் தெரியாது.)

3

ஒரு மத்தியானம் அலுவலகத்துக்கு ஜோதியம்மாள் வந்தார். வேடியப்பனின் மனைவி. கழுத்தில் புதுத் தழும்பு. பேச்சில் பாதி காற்றாகவே வந்தது.

“ஏம்மா, அந்த மழைப் பாட்டு எங்க வூட்டுக்காரர் அனுப்பினதுதானே?”

“ஆமாங்கக்கா. நம்ம தளத்துல இப்ப அதத்தான் ஜாஸ்தி கேக்கறாங்க.”

“அதுல ரெண்டாவது அடி எங்க?”

“ரெண்டாவது அடியா?”

“அவரு கேப்பாரு, நான் பதில் பாடுவேன். பாட்டக் கட்டினதே நான்தான். மாவாட்டிக்கினே பாடினேன். அனுப்பறதுக்கு முன்ன போன்ல போட்டுக் கேட்டோம், இருந்துச்சி. இப்பக் காணோம். கேட்டா, மிஷினுக்குத் தெரியாதா, அதுவே எடுத்திருக்கும்னு சொல்றாரு அவரு.”

தேவிப்ரியாவின் முகம் செத்துவிட்டது. மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். பௌர்ணமியன்று இந்த ஊரில் எதையும் சுத்தமாக ஒலிப்பதிவு செய்ய முடியாது. மணி, ஹாரன், ஒலிபெருக்கி, அரோகரா. அதற்காக அவள் ஒரு வடிகட்டி எழுதினாள். மைக்குக்குப் பக்கத்தில் இருக்கும் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிடும். இடம் அடைக்கக்கூடாதென்று அசல் பதிவைப் போனிலிருந்தும் உடனே அழித்துவிடும். ‘பௌர்ணமி வடிகட்டி’ என்று பெயர் வைத்து, என்னிடம்கூடப் பெருமையாகக் காட்டியிருக்கிறாள். அதில் கிரைண்டரோடு ஜோதியம்மாளும் போய்விட்டார்.

“திரும்பப் பதிவு பண்ணிடலாங்கக்கா.”

“எதால? போன மாசம் தைராய்டு கட்டி எடுத்தாங்க. அதுலருந்து இப்படித்தான். நான் பாடினது வேற எதுலயும் இல்லம்மா, அது ஒண்ணுதான்.”

4

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் பிரதியில் ஜோதியம்மாள் கிடையாது. பாட்டு முழுக்க வேடியப்பனுடையது என்றுதான் எழுதியிருந்தேன். ஆட்டோக்காரர், பாடகர், கதைக்கு அவர் ஒருவர் போதாதா? அந்த அம்மாள் வந்துபோன அன்றுதான் பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். வெட்டுவதற்காக நான் அடைப்புக்குறிக்குள் தள்ளியிருந்தது அவரைத்தான். தேவிப்ரியாவாவது கம்ப்யூட்டர்மேல் பழி போடலாம். எனக்கு வெட்கமாக இருந்தது.*

* நடுவே, “எழுதுகிறவனும் ஒரு வகையில்” என்று தொடங்கி ஒரு பத்தி எழுதினேன். கிழித்துப் போட்டாயிற்று.

5

தேவிப்ரியா விடவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து, ஏஐயை வைத்து ஜோதியம்மாளின் பழைய குரலை ஊகத்திலேயே செய்து பார்த்தாள். ஜோதியம்மாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“நல்லாத்தான் பாடுது. யாரு வூட்டுப் பொண்ணு?”

அடுத்தது. “இவளுக்கு மூச்சே வாங்கலயே. நான் மாவத் தள்ளிக்கினு பாடினேன்மா.”

கிரைண்டர் சத்தம் சேர்த்தாள். மூச்சு சேர்த்தாள். ஏழாவதைக் கேட்டபோது ஜோதியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்தும் திறக்கவில்லை.

“இது நானா இருந்தா நல்லாத்தான் இருக்கும்” என்றார். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “ஆனா நான் இல்ல.”

6

முடிவு அ: ஏழாவதையே போடச் சொல்லிவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். (பொய். எனக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று எழுதியது.)

முடிவு ஆ: அழிந்த பதிவு எங்கோ ஒரு மூலையில் கிடைத்தது. எல்லோரும் அழுதார்கள். இதை எழுதும்போது நானும் அழுதேன். படித்துக் காட்டினேன். “அழிச்சது அழிச்சதுதாங்க” என்றாள் தேவிப்ரியா.

முடிவு இ: அன்று படியில் நின்று நான் பார்த்தது இவ்வளவுதான். தேவிப்ரியா மைக்கை ஜோதியம்மாள் பக்கம் நகர்த்தினாள்.

“இப்ப இருக்கற கொரல்லயே பாடுங்கக்கா.”

“இதுலயா? வெறும் காத்துதாம்மா வரும்.”

“வரட்டும்.”

ஜோதியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பினார். மலையைக் காணோம், வெறும் மேகம். மழையின் பதிலைப் பாடினார். பாதி அடி கேட்டது, மீதியை உதட்டில்தான் பார்த்தேன்.

உன் வூட்டு ஜன்னல்ல நிக்கிறேன், நீதான் பாக்கல.

பிறகு கேட்டார். “இதப் போடுவியா, இல்ல இதையும் வடிகட்டிடுவியா?”

தேவிப்ரியா என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. கிரிவலப் பாதையில் அந்தப் பாட்டு கேட்டால் கொஞ்சம் நின்று கேளுங்கள், தெரிந்துவிடும்.

என் பங்குக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். கையில் பென்சில் இருந்தால் முதல் பகுதிக்குப் போங்கள். அந்த இரண்டு அடைப்புக்குறிகளையும் அழித்துவிடுங்கள். ‘யாரோ ஒரு பெண்’ என்பதை அடித்துவிட்டு மேலே பெயரை எழுதுங்கள். பெயர் உங்களுக்குத் தெரியும்.